ரொட்டி அத்தியாயத்தில் விடுபட்ட பத்தி

மொன்றியல்,
மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை.

உங்கள் மண்சட்டியை நான் வெறுப்பில் எறியவில்லை. மங்களம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். "பத்து வருஷமா அந்த மனுஷர் எகிப்து ரொட்டின்னு சமையல்கட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டிருந்தார். அவர் கண்ணை மூடினதும் முதல் வேலையா அந்தம்மா அவர் சட்டியைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டாங்க" என்கிறாளாம். டாக்டர் மனைவி என்பதால் இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் அவள் சொல் எடுபடுகிறது. பத்து வருஷம் என்பது தவறு, ஒன்பது. முதல் வேலையாக என்பதும் தவறு, பதினைந்தாம் நாள். வெறுப்பு என்பது பச்சைப் பொய். குப்பை என்பது மட்டும் உண்மை. அதை நான் மறுக்க முடியாது.

போன மாதம் உங்கள் கறுப்புக் குளிர்கோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். பரமேஸ்வரியின் கணவருக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பக்கத்து வில்லரேயிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நம் வீட்டு வேலைக்கு வரும் அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் நீங்கள் பிரியமாக இருந்தீர்கள். அவள் கணவர் துறைமுகக் கிடங்கில் வேலை செய்கிறார். ஆற்றுக் காற்றில் நிற்க அவருக்கு நல்ல கோட்டு இல்லை. அதை உதறியபோது அந்த மணம் வந்தது. புளித்த கோதுமையும் ஈர மண்ணும் கலந்த மணம். வலது கைமடிப்பில் நகக்கண் அளவுக்கு மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. வெளியே போகிற அவசரத்தில் கோட்டைக் கழற்றாமலே சட்டியைக் கிளறியிருக்கிறீர்கள். எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நாற்காலியைப் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

கோட்டை அவருக்குக் கொடுக்கவில்லை. அது தவறுதான்.

உங்கள் புத்தகம் அச்சுக்குப் போகிறது. பண்டைய எகிப்தில் சாதாரணக் குடும்பம் என்ன சமைத்தது, எப்படிச் சாப்பிட்டது என்று தமிழில் ஒருவரும் எழுதவில்லை என்பீர்களே, அதை நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். ஏறக்குறைய முடித்துவிட்டீர்கள். நான் அனுப்பிய பிரதிக்குச் சென்னைப் பதிப்பகத்தாரின் கடிதம் ஜனவரியில் வந்தது. எல்லா அத்தியாயங்களுக்கும் அச்சுக் கோத்தாயிற்றாம்; ரொட்டி அத்தியாயத்தில் மட்டும் ஒரு பத்திக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்களாம். அது மார்ச் கடைசிக்குள் வராவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டு மற்றதை அச்சிடுவார்களாம். மரியாதையான கடிதம். ஆனால் ரொட்டி இல்லாமல் எகிப்தைப் பற்றிப் புத்தகமா? அவர்கள் கூலியே ரொட்டியாகவும் வாற்கோதுமைப் பானமாகவும்தான் வாங்கினார்கள் என்று நீங்கள் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பத்தி என்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்து அவர்கள் காத்திருக்கிறார்கள். என்னிடம் இல்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

உலகக் கண்காட்சி இந்த ஊரில் நடந்த கோடையில்தான் எல்லாம் தொடங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாண் உயர மரப்பொம்மை. முழந்தாளிட்டு, சரிவான கல்லின் மேல் குனிந்து மாவு அரைக்கும் பெண். நீங்கள் அதன் முன்னால் நின்றவர் நகரவேயில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பிரெஞ்சில் முணுமுணுத்தார்கள்.

"பாரு, நம்ம அம்மிதான். கொஞ்சம் சரிச்சு வெச்சிருக்கா, அவ்வளவுதான்."

"பொம்மை பார்த்தது போதும், நகருங்க. பின்னால சபிக்கிறாங்க."

"பிரமிடு கட்டினவன் பேரையெல்லாம் எழுதி வெச்சிருக்கானுங்க டீச்சர். அவன் காலையில என்ன தின்னுட்டு வேலைக்குப் போனான்னு எவனாவது கேட்டானா?"

நான் எந்தப் பள்ளியிலும் ஆசிரியையாக இருந்ததில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, எதிலும் பிழை பார்க்கப் பழகியவள் என்பதற்காக நீங்கள் வைத்த பட்டம் அது. கேலியாகத் தொடங்கி, பிறகு என் பெயராகவே ஆகிவிட்டது.

நீங்கள் தானியங்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த மக்கள் விளைத்தது உமியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஜாதிக் கோதுமை என்றும், நம் ஊர்ச் சம்பா கோதுமை அதற்கு நெருங்கிய உறவு என்றும் தெரிந்துகொண்ட அன்று நீங்கள் சோறு சாப்பிடவில்லை. ஊரிலிருந்த என் அண்ணனுக்கு எழுதி, உமி போக்காத சம்பா கோதுமையைக் கப்பலில் வரவழைத்தோம். பார்க் எக்ஸ்டென்ஷனில் நம் மூன்றாம் மாடி வீட்டில் உலக்கைச் சத்தம்! கீழ்வீட்டுக் கிரேக்கர் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டினார். தண்ணீர் தெளித்துக் குத்தினால் உமி கழன்று வரும், தானியம் உடையாது என்று நீங்கள் கண்டுபிடித்தது அந்தத் தட்டலுக்கு நடுவில்தான்.

அந்தக் கோடைகளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பால்கனியில் மீனைப் பிளந்து உப்பிட்டுக் காயப்போட்டீர்கள். அவர்கள் கடவுள் கோயிலுக்கு மீன் கொண்டுபோக மாட்டார்கள், ஏழை வீட்டில் அதுவே அன்றாடம் என்றீர்கள். வெங்காயமும் பயறும் வேகவைத்தோம். வாற்கோதுமை ரொட்டியை அரைவேக்காடாகச் சுட்டு, பிய்த்து, தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி ஒரு பானம் செய்தீர்கள். நான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். கள்ளும் இல்லை, கூழும் இல்லை. கோரைக்கிழங்கை இடித்துத் தேன் சேர்த்து இனிப்பு செய்த அன்று, நான் யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டி நெய் விட்டேன். நீங்கள் வாயில் போட்டதும் கண்டுபிடித்துவிட்டீர்கள். "இது எகிப்து இல்ல டீச்சர், திருச்சி."

மாவை நான் மூன்று முறை சலித்ததற்கும் கோபித்துக்கொண்டீர்கள். அவர்கள் ரொட்டியில் மணல் இருந்தது, கல்லிலிருந்து உதிர்ந்ததும் காற்றில் வந்ததுமாக. அரசன் முதல் கூலிக்காரன் வரை எல்லோருக்கும் பல் தேய்ந்திருந்தது. "சலிச்சுட்டியா? போச்சு. இனிமே இது உன் ரொட்டி, அவங்களது இல்ல" என்றீர்கள். உங்கள் பல்லைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்த நன்றி அது.

ஆனால் அந்த ரொட்டி எழும்பவில்லை. கூம்பு வடிவ மண் அச்சுகளை நெருப்பில் கவிழ்த்து அடுக்கிச் சுட வைத்து, சூட்டோடு மாவை ஊற்றுவார்கள் என்று படித்துவிட்டுப் பூந்தொட்டிகளை வாங்கி வந்தீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டியை உடைத்துத்தான் ரொட்டியை எடுத்தோம். அதுவும் செங்கல்லாக. கடையில் விற்கும் ஈஸ்ட் போட்டால் எழும்பும். அது ஏமாற்று என்றீர்கள். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல மாவுக்கு ஓர் உறை வேண்டும், வெறும் தானியத்திலிருந்தும் காற்றிலிருந்தும் வர வேண்டும், அவர்கள் வீட்டில் எது இருந்திருக்குமோ அது மட்டுமே சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தீர்கள். அதற்கு உறைமாவு என்று பெயர் வைத்தீர்கள்.

நீங்கள் உறைமாவைத் தொடங்கிய அந்த ஜனவரியை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. ஆனால் எழுதியாக வேண்டும். என்னைக் கேட்காமல் என் தயிர்ச்சட்டியை எடுத்தீர்கள். நான் ஊரிலிருந்து புடவைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்த மண்சட்டி. உள்ளே உறைந்திருந்த தயிரை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வழித்துப் போட்டுவிட்டு அதில் மாவைக் கரைத்து வைத்திருந்தீர்கள். மங்களம் இப்போது உங்கள் சட்டி என்கிறாளே, அது என் சட்டி.

"இனி இந்தச் சமையலறை உங்களுடையது. நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்றேன்.

"சட்டிக்காகவா?"

"கேட்கவில்லை என்பதற்காக."

எட்டு நாள் நான் உள்ளே போகவில்லை. தெப்பனர் என்கிற தெருமுனைக் கடையில் வாங்கிய பாலும் பிஸ்கட்டும் என் சாப்பாடு. நீங்கள் வாசற்படியில் தட்டை வைத்துவிட்டுப் போவீர்கள், நான் தொடமாட்டேன். கதவுக்குப் பின்னால் என்னவெல்லாமோ சத்தம். ஒருநாள் எதையோ இடித்தீர்கள். ஒருநாள் வெகுநேரம் தண்ணீர் ஓடியது. ஒருநாள் சத்தமே இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஒன்பதாம் நாள் காலை கதவைத் திறந்து, "டீச்சர், கோபத்தை அப்படியே வெச்சுக்க, வந்து இதை மட்டும் பாரு" என்றீர்கள். வந்தேன். சட்டி விளிம்புவரை மாவு குமிழ் குமிழாக எழும்பி நின்றது, தேன்கூடுபோல. நீங்கள் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் "எப்படிச் செய்தீர்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நாள் முழுவதும் சொல்லியிருப்பீர்கள்.

"மேடையெல்லாம் ஒரே அழுக்கு" என்றேன். துடைக்க ஆரம்பித்தேன்.

அங்கே என்ன இருந்தது என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் பார்க்கிறேன். பேரீச்சங்கொட்டைகள் ஏழு. ஈரத்துணி ஒன்று, பழுப்புக் கறையோடு. முளைவிட்ட தானியம் கொஞ்சம்; கோதுமையா வாற்கோதுமையா என்று பார்க்கவில்லை. பேரீச்சை மாவில் போனதா, உங்கள் வாயில் போனதா? அதைக்கூட அறியேன். எல்லாவற்றையும் நானே துடைத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து ஒரு விருந்து. ஆறு குடும்பங்கள். நீங்கள் அச்சிலிருந்து ரொட்டியை உடையாமல் எடுத்து வந்து வைத்தீர்கள், எல்லோரும் கை தட்டினார்கள். மங்களம்தான் ஆரம்பித்தாள்.

"என்னக்கா, சார் சமைக்கிறார். நீங்க நாற்காலியில உக்காந்து மார்க் போடுறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "இதை ஆரம்பிச்சதே நான்தான்" என்றேன். "மாவு புளிக்க வைக்கிறது நமக்குப் புதுசா என்ன? நான் சொல்லிக் கொடுத்தேன், அவர் செய்யறார்."

நீங்கள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். பிறகு ரொட்டியை வெட்டினீர்கள். "ஆமா. டீச்சர் சொல்லித்தான்" என்றீர்கள். மங்களம் ஒரு ஜாடியில் உறைமாவு கேட்டாள், கொடுத்தீர்கள். அன்றைக்கும் மறுநாளும் அதற்குப் பிறகும் அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. மற்றவை சின்னவை.

மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தீர்கள். தினமும் காலையில் நான் உங்கள் சொற்படி சட்டிக்கு இரண்டு கரண்டி மாவும் தண்ணீரும் சேர்த்துவிட்டு பஸ் ஏறி வருவேன். அது எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பீர்கள், நான் எப்படி இருக்கிறேன் என்று பிறகு. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மத்தியானம், நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு சொன்னீர்கள்.

"ரொட்டி அத்தியாயத்துல ஒரு பத்தி விட்டு வெச்சிருக்கேன். நீ எழுதிடுவே இல்ல?"

"ஆகட்டும். பேசாமப் படுங்க."

நீங்கள் சிரித்தீர்கள். அப்போது அது எனக்குச் சாதாரணச் சிரிப்பு. என்ன பத்தி என்று நான் கேட்கவில்லை. பிழை திருத்துகிற வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். அதற்கு அப்புறமும் ஐந்து நாள் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல்நாள் வீட்டைக் கழுவினோம். பரமேஸ்வரி ஒத்தாசைக்கு வந்திருந்தாள். சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அன்ரி, இந்தப் புளிச்ச மாவை என்ன செய்யிறது? பொங்கி நிக்குது."

"தீட்டு வீட்ல புளிச்ச மாவு நிக்கக் கூடாது. எடுத்துட்டுப் போயிடு."

"சட்டியையுமோ? நல்ல சட்டியெல்லோ அன்ரி."

"சட்டியையும்தான்."

அது முறை. சாவு விழுந்த வீட்டில் சமைத்ததையும் புளிக்க வைத்ததையும் வைத்துக்கொள்வதில்லை, மண்பாத்திரத்தை மாற்றிவிடுகிறோம். மங்களத்தின் வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் உங்களிடம் முறையை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் போன பிறகும் பதினைந்து நாள் நான்தான் அதற்கு மாவு போட்டேன். ஒவ்வொரு காலையும் அது எழும்பி நின்றது. நீங்கள் எழும்பாத வீட்டில் அது மட்டும் எழும்புவதை என்னால் பார்க்க முடியவில்லை. பரமேஸ்வரி பின்பக்கத்து இரும்புப்படிகளில் இறங்குவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

ஒரு மாதம் கழித்துக் கையெழுத்துப் பிரதியைப் பிரித்தேன். உங்கள் பிழைகளைத் திருத்துவது எப்போதும் என் வேலை. ரொட்டி அத்தியாயத்தில், அச்சுகளைச் சுட வைப்பதற்கு முன்னால், பாதிப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தீர்கள். ஓரத்தில் பென்சிலில்: "உறைமாவைத் தொடங்கும் முறை. டீச்சருக்குத் தெரியும், எழுதித் தருவாள்."

அன்று முழுவதும் உங்கள் குறிப்பு அட்டைகளைப் புரட்டினேன். தானியத்துக்கு ஒரு பெட்டி, மீனுக்கு ஒன்று, வெங்காயத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நீங்கள் அந்த எட்டு நாளைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லை. நமக்குப் பிள்ளைகள் இல்லை, கேட்பதற்கு. உங்களோடு வேலை பார்த்தவர்களுக்குப் போன் செய்தேன். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: அது என் மனைவியின் முறை என்றுதான் அவர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகு நானே தொடங்கினேன். ஏழு முறை. சம்பா கோதுமை மாவு மட்டும், பிறகு முளைகட்டியது, பிறகு பேரீச்சை கரைத்த தண்ணீர். குழாய்த்தண்ணீரில் மருந்து கலந்திருக்கும் என்று கொதிக்க வைத்து ஆற்றினேன். ரேடியேட்டர் மேல் வைத்தேன், கீழே வைத்தேன். ஒன்று இளஞ்சிவப்பாகப் பூத்தது. ஒன்று மூன்றாம் நாள் பொங்கியது, நான் அழுதேவிட்டேன். நான்காம் நாள் அது அழுகல் நாற்றத்தோடு அடங்கிப்போயிற்று, கொட்டிவிட்டேன். கடைசியாக அந்தக் கோட்டுக் கைமடிப்பிலிருந்த மாவை நகத்தால் சுரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வைத்தேன். அதில் பச்சைப் பூஞ்சைதான் வந்தது. கோட்டில் இப்போது அந்த மணமும் குறைந்துவிட்டது. அதையும் நானே கெடுத்தேன்.

மங்களத்தின் வீட்டுக்குப் போனேன். ஆமாம், போனேன். அழைக்காமல் ஒருவர் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. அந்த ஜாடி இருக்கிறதா என்று கேட்டேன்.

"எந்த ஜாடிக்கா? ஐயோ, அதா! அது அப்பவே கெட்டுப் போச்சே. ஜாடியில எலுமிச்சங்கா போட்டு வெச்சிருக்கேன், தரட்டுமா?"

"வேண்டாம்."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க? நீங்கதானே ஆரம்பிச்சீங்க? இன்னொரு தரம் ஆரம்பிங்களேன்."

அவள் அதைக் குத்தலாகச் சொன்னாளா, வெகுளியாகச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. நான் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

பரமேஸ்வரியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எதையாவது எழுதி அனுப்பிவிடுங்கோ அன்ரி. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின ரொட்டி. ஆர் வந்து கேக்கப் போகினம்?"

"அவர் கேட்பார்."

"அவர் எங்க அன்ரி இருக்கிறார் கேக்கிறதுக்கு?" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "அந்தச் சட்டியைக் கொண்டுபோய்ப் போட்டது நானெல்லோ. நான் அண்டைக்கு ஒருக்கால் நிண்டு கேட்டிருக்க வேணும்" என்றாள். அவளை நான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. சமாதானப்படுத்தினேன்.

அவள் சொன்னபடியே ஒரு பத்தி எழுதினேன். உங்களிடம் மறைக்கவில்லை. முளைகட்டிய வாற்கோதுமை, பேரீச்சைத் தண்ணீர், ஈரத்துணி, எட்டு நாள். நல்ல பத்தி. உங்கள் நடையிலேயே இருந்தது. உறையில் போட்டு முகவரியும் எழுதினேன். இரண்டு நாள் மேஜையில் கிடந்தது. யாராவது ஒரு பெண் மதுரையிலோ சேலத்திலோ அதைப் படித்துவிட்டுத் தன் சட்டியில் மாவைக் கரைத்து வைப்பாள். அது பூஞ்சை பூத்தால் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

உங்கள் கடைசி அத்தியாயத்தை அன்றுதான் சரியாகப் படித்தேன். செத்தவர்களுக்கு உணவு வைக்கும் கிண்ணத்தின் உள்பக்கத்தில் அவர்கள் கடிதம் எழுதுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்டு முடித்தால் எழுத்து கண்ணில் படுமாம். தொழுகையோ துதியோ இல்லை. வீட்டுச் சண்டையும் நியாயமும்தான். நான் உனக்கு என்ன குறை வைத்தேன், ஏன் எனக்கு உதவாமல் இருக்கிறாய் என்று கேட்பார்களாம். படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. படித்தவள் நான், மடத்தில் கடிதம் எழுதப் பழகியவள், தேதியும் ஊரும் மேலே, கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று, அதுவும் தெளிவாக. கிண்ணத்தில் எழுத மாட்டேன். தாளில் எழுதுகிறேன்.

நேற்று வேறொரு பத்தியைத் தபாலில் சேர்த்துவிட்டேன். அதில் இப்படி எழுதினேன்: "உறைமாவைத் தொடங்கும் முறையை நூலாசிரியர் எட்டு நாள் தனியாக உழைத்துக் கண்டுபிடித்தார். அந்த எட்டு நாளும் நான் அவருடன் பேசவில்லை, சமையலறைக்குள் போகவில்லை. நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று பலர் முன்னால் நான் சொன்னது உண்மை அல்ல. அந்த முறை எனக்குத் தெரியாது. அவரோடு போய்விட்டது." கீழே என் பெயரை முழுவதும் எழுதினேன். இதை அப்படியே அச்சிடுங்கள், ரொட்டி அத்தியாயத்தை எடுக்காதீர்கள் என்று ஒரு துண்டுத்தாளும் வைத்தேன். அச்சிடுவார்களோ மாட்டார்களோ. அச்சிட்டால் இங்கே எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும். அதை நினைத்து நான் அழவில்லை.

அழுவது வேறொன்றுக்கு. அந்தப் பென்சில் வரி. நீங்கள் அதை எழுதியபோது எனக்குத் தெரியாது என்பது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் எழுதினீர்கள். நான் விருந்தில் சொன்ன பொய்யைப் புத்தகத்திலும் காப்பாற்ற நினைத்தீர்களா? அப்படியானால் முறையை எழுதி என் பெயரைப் போட்டிருப்பீர்களே, ஏன் வெற்றிடம்? இல்லை, தண்டனையா? இத்தனை வருஷம் கழித்து, டீச்சருக்கு ஒரு தேர்வா? நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பிறகு அந்த மருத்துவமனைச் சிரிப்பு வந்து நிற்கிறது. இல்லாவிட்டால், வெற்றிடத்தைப் பார்த்ததும் நான் உங்களிடம் வந்து, "எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்" என்று கேட்பேன் என்று விட்டு வைத்தீர்களா? அன்று ஒன்பதாம் நாள் காலை கேட்காததை இப்போதாவது கேட்பேன் என்று அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு காத்திருந்தீர்களா? நான் ஒவ்வொரு நாளும் வந்து, தலையணையைச் சரிசெய்து, டாக்டரின் ஆங்கிலத்தைத் திருத்தி, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்க்கொண்டிருந்தேனே.

முறை இனி வேண்டாம். அதை நான் கேட்கவில்லை. ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். ஒரு வரி போதும். கனவில் வர வேண்டாம். கனவை நான் சரியாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, பிறகு எனக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டுவிடுவேன். தயவுசெய்து எழுத்தில் பதில் எழுதுங்கள்.